நாலாவதாய் நின்ற ஜீப்

திருக்கோவிலூர்
4.8.2025

வெள்ளிமலை ஜீப் ஓட்டுநர் சங்கத் தலைவர் திரு. வெங்கடேசன் அவர்களுக்கு,

வணக்கம். சங்கம் தொடங்கிய அன்று நீங்கள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து நான் உங்கள் சங்கத்துக்கு விதி எழுதிக்கொண்டிருந்தேன். எட்டு டிரைவர்கள் சுற்றி நின்றீர்கள். நீங்கள் மட்டும் குனிந்து தாளைப் பார்த்துவிட்டுக் கேட்டீர்கள்: "டீச்சர், இன்னிக்கு இந்தத் தாள்ல ஒண்ணு எழுதறோம். நாளைக்கு நாங்களே கமிட்டி கூட்டி வேற ஒண்ணு போடுவோம். ரெண்டும் முட்டிக்கிச்சின்னா எது பெருசு?"

தாள்தான் பெரிது என்றேன். எல்லோரும் சேர்ந்து கையெழுத்துப் போடுவது அதில்தான். பிறகு வருகிறவர்களும் அதைப் படித்துவிட்டுத்தான் சங்கத்தில் சேர்வார்கள். கமிட்டித் தீர்மானம் எல்லாம் அதற்குக் கீழே என்றேன். "அப்ப சரி" என்று முதல் கையெழுத்தை நீங்கள்தான் போட்டீர்கள்.

அந்தத் தாளில் முதல் விதி என்ன? ஜீப்புகள் வரிசையில் நிற்க வேண்டும், முன்னால் நிற்பது நிரம்பிக் கிளம்பிய பிறகுதான் அடுத்தது ஆள் ஏற்ற வேண்டும் என்பது இரண்டாவது விதி. அதற்கும் மேலே, முதலில் எழுதியது இது: "உயிருக்கு ஆபத்தான நோயாளி வந்தால் முறை கிடையாது. உடனே கிளம்பக்கூடிய ஜீப் போக வேண்டும்."

நேற்று தமிழரசனும் அவன் மனைவி எழில்மதியும் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். மலையிலிருந்து ஒரு பை கடுக்காய் கொண்டுவந்து வைத்துவிட்டு, காப்பியைக்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். சாமைக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்த செல்லியம்மாளை விரியன் கடித்திருக்கிறது. 108-க்குச் சொல்லியாயிற்று, ஆனால் வண்டி கீழேயிருந்து மலை ஏறி வர வேண்டும். ஸ்டாண்டில் நாலாவதாக நின்ற தமிழரசன் அவளை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டான். கூடவே ஆறு ஆட்களை ஏற்றினான். காலி ஜீப் கொண்டை ஊசி வளைவில் குதிக்கும், பாம்பு கடித்த உடம்பு குலுங்கக் கூடாது, எடை இருந்தால் வண்டி அமுங்கி ஓடும் என்று ஏற்றினானாம். செல்லியம்மாள் பிழைத்துவிட்டாள். தமிழரசனை நீங்கள் ஒரு வருஷம் ஸ்டாண்டை விட்டு விலக்கிவிட்டீர்கள். காரணம், போன வருஷம் கமிட்டி போட்ட தீர்மானமாம்: "எந்தக் காரணத்துக்காகவும் தலைவரைக் கேட்காமல் முறை தாண்டக் கூடாது."

அன்று வரிசையில் முதலாவதாக நின்ற ஜீப் யாருடையது? உங்களுடையது. நீங்கள் டீக்கடையில் இருந்தீர்கள். உங்கள் முறை போனதற்கு, உங்கள் தீர்மானத்தை வைத்து, நீங்களே தீர்ப்புச் சொல்லியிருக்கிறீர்கள்.

போனில் பேசினால் நான் கத்திவிடுவேன், நீங்கள் குறுக்கே பேசுவீர்கள். அதனால் எழுதுகிறேன். பதிலையும் எழுதியே அனுப்புங்கள். தங்கமணிக்கு என் அன்பு. உங்கள் மேல் உள்ள கோபத்தில் அவளுக்குப் பங்கு இல்லை.

இப்படிக்கு,
பவுலின்
சமூக அறிவியல் ஆசிரியை (ஓய்வு)


வெள்ளிமலை
11.8.2025

பவுலின் டீச்சர் அக்காவுக்கு வெங்கடேசன் எழுதுவது.

நலம். அங்கே நலமா? "தலைவர் அவர்களுக்கு"ன்னு போட்டு நீங்க வாங்கன்னு எழுதி இருக்கீங்க. இத்தனை வருஷத்துல இது முதல் தடவை. நீங்க மலை ஸ்கூல்ல வேலை பார்த்த காலம் பூரா என் ஜீப்புலதான் ஏறி இறங்கினீங்க. தம்பின்னு சொல்ற வாயால சொல்லி இருக்கலாம். தங்கமணி படிச்சிட்டு, "அக்காவுக்கு நெசமாவே கோவம்தான்"ன்னு சொல்லிக்கினு அடுப்பாண்ட போய்ட்டா.

நீங்க பென்ஷன் வாங்கிக்கினு கீழே போய்ட்டீங்க. இங்க நடக்கிறது தெரியாது. அந்த முதல் விதியால நாங்க பட்ட பாடு இன்னா தெரியுமா? முறை தாண்டணும்னா ஒரு நோயாளி வேணும். போன வருஷம் பார்த்தா ஸ்டாண்டு பூரா நோயாளி. ஒருத்தன் பல்லுவலிக்காரனை ஏத்திக்கினு முன்னால போறான். ஒருத்தன் கண்ணு துடிக்குதுன்னு சொன்ன ஆளை ஏத்திக்கினு போறான். ஒருத்தன், பொண்டாட்டி கோச்சிக்கினு அம்மா வூட்டுக்குப் போய்ட்டா, மனசு சரியில்லன்னு அவனே நோயாளி அவனே டிரைவர். ரெண்டு தடவை கம்பி எடுத்து அடிச்சிக்கிட்டாங்க. அதுக்கப்புறம்தான் அந்தத் தீர்மானம். எல்லாரும் கை தூக்கினாங்க. தமிழரசனும் தூக்கினான். கேட்டுப் பாருங்க.

அவன் ஏத்தின ஆறு பேரும் என் வண்டியில ஏறி உக்காந்திருந்தவங்க. ஏறின ஆளை இன்னொருத்தன் இறக்கக் கூடாதுன்னு அதே தாள்ல இருக்குதே, அதை மட்டும் ஏன் எழுதலை நீங்க? நான் டீ குடிச்சிட்டு வரேன், என் ஜீப்பு காலி. ஒரு வார்த்தை, "அண்ணே போறேன்"ன்னு குரல் குடுத்திருக்கலாம். டீக்கடை எவ்ளோ தூரம்?

கமிட்டி போட்ட தீர்மானத்துக்கு அர்த்தம் கமிட்டிதான் சொல்லும். வேற யார் சொல்றது? நீங்களா? நீங்க எழுதினதால உங்களுக்குச் சொந்தமா?

என் முறைன்றதால ஜாஸ்தி தண்டனை குடுக்கலை. என் முறைன்றதால கம்மி பண்ணவும் இல்லை.

இப்படிக்கு,
தலைவர் இல்லை, தம்பி
வெங்கடேசன்


திருக்கோவிலூர்
19.8.2025

அன்புள்ள வெங்கடேசனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பொண்டாட்டி கோபித்துக்கொண்டு போனவன் கதையைப் படித்துச் சிரித்துவிட்டேன். சிரித்ததால் கோபம் குறைந்துவிட்டது என்று நினைக்காதே.

நான் எழுதினேன் என்பதால் அது என் சொத்து இல்லை. எழுதியவளே பொருளும் சொல்வேன் என்றால், தீர்மானம் போட்ட நீயே பொருள் சொல்வதற்கும் எனக்கும் வித்தியாசம் இல்லை. நான் கேட்பது வேறு. தாளும் தீர்மானமும் முட்டிக்கொள்கின்றன என்று யார் சொல்வது? அன்று டீக்கடையில் நீ கேட்காத கேள்வி அது. நீ மட்டுமா? அமெரிக்காவில் அரசியலமைப்பை எழுதியவர்களும் அதற்குத் தெளிவாக ஒரு வரி எழுதவில்லை. நீதிமன்றம் ஒரு சட்டத்தைப் பார்த்து "இது செல்லாது" என்று சொல்லலாம் என்று அதில் எங்கும் கிடையாது. பிறகு எப்படி வந்தது?

ஒரு ஆட்சி முடிகிற கடைசி நாட்களில் சில பேரைச் சின்ன நீதிபதிகளாக நியமித்தார்கள். உத்தரவில் கையெழுத்தும் ஆயிற்று, முத்திரையும் ஆயிற்று. ஆள் கையில் கொண்டுபோய்க் கொடுப்பதற்குள் ஆட்சி மாறிவிட்டது. புதிதாக வந்தவர்கள் கொடுக்க மாட்டோம் என்றார்கள். மார்பரி என்று ஒருவர் நேராக உச்ச நீதிமன்றத்துக்குப் போய், எனக்கு வர வேண்டிய உத்தரவைக் கொடுக்கச் சொல்லுங்கள் என்று கேட்டார்.

தலைமை நீதிபதிக்கு இரண்டு பக்கமும் இடி. கொடு என்று சொன்னால் புதிய அரசு காதில் வாங்காது, நீதிமன்றம் சிரிப்பாய்ச் சிரித்துவிடும். கொடுக்க வேண்டாம் என்றால் பயந்துவிட்டார் என்பார்கள். அவர் என்ன சொன்னார் தெரியுமா? வேலை உங்களுடையதுதான், கொடுக்காமல் வைத்திருப்பது தப்புதான். ஆனால் இந்த மாதிரி வழக்கோடு நேராக என்னிடம் வரலாம் என்று ஒரு சட்டம் சொல்கிறது, அரசியலமைப்போ வரக் கூடாது என்கிறது. இரண்டு தாள் முட்டிக்கொண்டு என் மேசைக்கு வந்தால், எதைப் படித்துத் தீர்ப்புச் சொல்வது என்று நான்தானே முடிவு செய்தாக வேண்டும்? பெரிய தாளைத்தான் படிப்பேன். அந்தச் சட்டம் செல்லாது. ஆகவே உங்களுக்கு உத்தரவு போட எனக்கு அதிகாரம் இல்லை. இது 1803-இல்.

இன்னொன்றும் சொல்கிறேன், உனக்குப் பயன்படும். அந்த உத்தரவுகளை உரிய நேரத்தில் கொடுத்து அனுப்பாமல் விட்ட பழைய அமைச்சர் யார்? அதே தலைமை நீதிபதிதான். அவரும் தன் டீயைக் குடித்துக்கொண்டிருந்துவிட்டு வந்து தீர்ப்புச் சொன்னவர்தான். ஆனால் தீர்ப்பு சொல்லும்போது, தனக்கு ஒரு சட்டம் கொடுத்திருந்த அதிகாரத்தை, அது எனக்குக் கிடையாது என்று தூக்கிப் போட்டார். நீ எதைத் தூக்கிப் போட்டாய்?

எழில்மதி இப்போது மலை இறங்கி, கச்சிராயபாளையம் பக்கம் கரும்பு வெட்டப் போகிறாளாம். ஜீப் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் தாள் போர்த்தி நிற்கிறதாம்.

பவுலின்


வெள்ளிமலை
25.8.2025

அக்காவுக்கு,

படிச்சேன். ரெண்டு தடவை படிச்சேன். எனக்குக் கோவம் ஜாஸ்தி ஆச்சு.

அந்த ஜட்ஜுக்கு அந்த நாற்காலியை யார் குடுத்தா? அவரே போட்டுக்கிட்டு அவரே உக்காந்துட்டார். தாள்ல இல்லைன்னு நீங்களே எழுதி இருக்கீங்க. அவர் பண்ணா பாடப் புத்தகம், நான் பண்ணா அநியாயமா? உத்தரவைக் குடுக்காம விட்டவரும் அவர், தீர்ப்பு சொன்னவரும் அவர். நான் டீ குடிச்சது மட்டும் குத்தமா?

சரி, அந்த மார்பரிக்கு வேலை கெடச்சுதா இல்லையா? அதை மட்டும் எழுதாம விட்டுட்டீங்க. கெடைக்கலைன்னா, கேஸு போட்ட ஆளுக்கு இன்னா பிரயோசனம்? ஜட்ஜுக்குப் பவர் வந்துச்சு, கேட்டவன் வூட்டுக்குப் போனான். தமிழரசனுக்கும் அதைத்தான் வாங்கித் தரப் போறீங்களா?

நம்ம நாட்டுக் கதை இருந்தா சொல்லுங்க. அமெரிக்காவுல ஜீப் ஸ்டாண்டு கெடையாது.

வெங்கடேசன்


திருக்கோவிலூர்
2.9.2025

வெங்கடேசனுக்கு,

வேலை கிடைக்கவில்லை. கடைசி வரைக்கும் கிடைக்கவில்லை. மறைத்தேன் என்று நினைக்காதே, நீ கேட்க வேண்டும் என்று காத்திருந்தேன். வகுப்பிலும் அப்படித்தான் விடுவேன். யாராவது ஒரு பிள்ளை கேட்காமல் மணி அடிக்காது.

நம் நாட்டில் எழுதியவர்கள் உஷாரானவர்கள். வெள்ளைக்காரன் காலத்தில், ஆளை ஜெயிலில் போடுகிறவனே அது சரி என்றும் சொன்னதை அனுபவித்தவர்கள். அதனால் பதின்மூன்றாம் பிரிவிலேயே எழுதிவிட்டார்கள்: அடிப்படை உரிமைகளைக் குறைக்கிற சட்டம் குறைக்கிற அளவுக்குச் செல்லாது. அந்த உரிமைக்காக உச்ச நீதிமன்றத்துக்கு நேராகவே போகலாம் என்று இன்னொரு பிரிவில் எழுதினார்கள். அப்படியும் சண்டை வந்தது. பாராளுமன்றம் சொன்னது: சட்டத்தைத்தானே செல்லாது என்பாய், நான் அரசியலமைப்பையே திருத்திவிடுகிறேன், அப்போது என்ன செய்வாய்?

கேரளாவின் வடக்கு மூலையில் ஒரு மடத்தின் தலைவர், மடத்து நிலத்துக்காக வழக்குப் போட்டார். பதின்மூன்று நீதிபதிகள் உட்கார்ந்து மாதக்கணக்கில் கேட்டார்கள். 1973-இல், ஏழு பேர் ஒரு பக்கம், ஆறு பேர் ஒரு பக்கம். திருத்தலாம், ஆனால் அஸ்திவாரத்தை இடிக்க முடியாது என்று முடிவாயிற்று. நீ கேட்கப்போவது தெரியும். அவர் கேட்ட நிலம் கிடைக்கவில்லை. அவரும் மார்பரி மாதிரிதான்.

அந்த நீதிமன்றம் ஒழுங்கா என்றும் கேட்பாய். மூன்று வருஷம் கழித்து அவசரநிலையில், விசாரணையே இல்லாமல் ஆட்களை உள்ளே வைத்திருந்தபோது, கேட்க உங்களுக்கு உரிமை இல்லை என்று அதே நீதிமன்றம் சொன்னது. அதைப் பாடம் நடத்துகிற அன்றெல்லாம் எனக்குச் சாப்பாடு இறங்காது.

அந்த அமெரிக்க நீதிபதிக்கு நாற்காலியை யார் கொடுத்தது என்று கேட்டாயே, அது நல்ல கேள்வி. அவரேதான் போட்டுக்கொண்டார். போட்டுக்கொண்டதால் அது நாற்காலி ஆகிவிடவில்லை. அவரைப் பிடிக்காத அரசு அதை உடைக்காமல் விட்டது. அடுத்து வந்தவர்களும், தோற்றபோது பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து போனார்கள். தோற்றவன் உடைக்காமல் போகும்போதுதான் அது நீதிபதியின் நாற்காலி ஆகிறது. ஜெயித்தவன் மதிப்பதில் என்ன இருக்கிறது?

உனக்கு நான் சொல்வது இதுதான். சங்கத்தைக் கூட்டு. கமிட்டியில் இல்லாத, அன்று வரிசையில் நிற்காத மூன்று டிரைவர்களை எல்லோருமாகத் தேர்ந்தெடுங்கள். தீர்மானம் தாளோடு முட்டுகிறதா என்று அவர்கள் சொல்லட்டும். நீ அதில் உட்காராதே. நானும் வர மாட்டேன். வந்தால் என் முகத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார்கள்.

உனக்குப் பயமாக இருந்தால் செய்யாதே. பயம் இல்லை என்றால் ஏன் யோசிக்கிறாய்?

பவுலின்


வெள்ளிமலை
29.9.2025

அக்காவுக்கு வெங்கடேசன் எழுதுவது.

உங்களுக்குப் பதில் எழுத லேட் ஆச்சு. நீங்க சொன்ன மாதிரியே பண்ணேன். பயம்னு எழுதினீங்களே, அந்த ஒரு வார்த்தைக்காகப் பண்ணேன்.

ஸ்டாண்டு கொட்டாய்ல ஞாயித்துக்கிழமை கூட்டம். மூணு பேரைத் தேர்ந்தெடுத்தாங்க. பூமாலை அண்ணன் ஒருத்தர், நம்ம முதல் எட்டு பேர்ல இன்னிக்கும் வண்டி ஓட்டிக்கினு இருக்கிறது அவரும் நானும்தான். மத்த ரெண்டு பேரும் நீங்க போனப்புறம் வந்த பசங்க. பூமாலை அண்ணன் தாளைக் கேட்டார். நான் பூட்டி வெச்சிருந்ததை எடுத்துக் குடுத்தேன். பக்கத்துல இருந்த பையனைப் படிக்கச் சொல்லிக் கேட்டார்.

அப்புறம் என்னைத்தான் முதல்ல கூப்பிட்டாங்க. தலைவரை நிக்க வெச்சிக் கேள்வி கேட்டது இதுதான் முதல் தடவை. "எங்க இருந்த?" டீக்கடையில. "செல்லியம்மா வந்தது தெரியுமா?" சத்தம் கேட்டுச்சு. "எழுந்து வந்தியா?" டம்ளர்ல டீ இருந்துச்சு. பூமாலை அண்ணன் அடுத்ததா கேட்டார். "அந்தப் பொம்பளை செத்திருந்தா, வெங்கடேசா, முறை போச்சுன்னு இதே மாதிரி வந்து நிப்பியா?" கூட்டத்துல எவனோ சிரிச்சான். எனக்கு அங்கியே அவனைத் தூக்கிப் போட்டு மிதிக்கணும்னு இருந்துச்சு.

தீர்ப்பு சொல்றேன். கமிட்டித் தீர்மானம் முதல் விதியோட முட்டுது, நோயாளி விஷயத்துல அது செல்லாதுன்னு மூணு பேரும் சொல்லிட்டாங்க. பல்லுவலி எல்லாம் நோயாளி ஆகாது, பொய் சொல்லிப் போறவனை விசாரிச்சிக்கலாம், ஆனா முன்கூட்டி யாரையும் கேக்கத் தேவை இல்லை. இனிமே இந்த மாதிரி தகராறு வந்தா தலைவர் தீர்க்கக் கூடாது, இதே மாதிரி மூணு பேருதான். அப்ப நீங்க ஜெயிச்சிட்டீங்க.

ஆனா தமிழரசன் ஜெயிக்கலை. நோயாளியை ஏத்தினது சரி, இன்னொரு வண்டியில ஏறி உக்காந்திருந்த ஆறு பேரை இறக்கி ஏத்தினது ரெண்டாவது விதிக்கு விரோதம்னு சொன்னாங்க. எடைக்குத்தான் ஏத்தினேன்னான். "எடைக்கு மரவள்ளி மூட்டை கொட்டாய்லயே அடுக்கி இருந்துச்சே, அதை ஏத்தி இருக்கலாமே"ன்னு ஒரு பையன் கேட்டான். தமிழரசன் பதிலே சொல்லலை. ஒரு வருஷத்தைக் குறைச்சி, பொங்கல் வரைக்கும் ஸ்டாண்டுக்கு வரக் கூடாதுன்னுட்டாங்க. தீபாவளி சவாரி பூரா போச்சு அவனுக்கு. வண்டி சாவியைக் கொட்டாய் தூண்ல அடிச்சிட்டுப் போனான். இப்ப கருமந்துறை பக்கம் யாரோடையோ வண்டியை ஓட்டிக்கினு இருக்கான்னு கேள்வி.

நான் எழுதினது நடந்துச்சா இல்லையா? ஜட்ஜுக்கு நாற்காலி வந்துச்சு, கேட்டவன் வூட்டுக்குப் போனான்.

போன புதன்கிழமை ஒரு குழந்தைக்கு வலிப்பு வந்துச்சு. கடைசியில நின்ன வண்டிதான் வெளியே பார்த்து நின்னுச்சு. ஒருத்தரும் ஒருத்தரைக் கேக்கலை. அவன் ஏத்திக்கினு பறந்தான். குழந்தை நல்லா இருக்குது. அதையும் எழுதணும்னு தோணுச்சு.

முதல் விதியைத் தகரத்துல பெருசா எழுதி ஸ்டாண்டுல மாட்டப் போறோம். நீங்க வந்து மாட்டணும்னு எல்லாரும் சொல்றாங்க. நான் வண்டி எடுத்துக்கினு வந்து கூட்டிப் போறேன். தங்கமணி சாமை உருண்டை பண்றேன்னு சொல்லச் சொன்னா. கோவம் எனக்கும் இன்னும் போகலை. ஆனா வாங்க.

வெங்கடேசன்


திருக்கோவிலூர்
7.10.2025

தம்பி வெங்கடேசனுக்கு,

நீ கூட்டத்தைக் கூட்டினாய். எழுந்து நின்று பதில் சொன்னாய். சிரித்தவனை மிதிக்காமல் விட்டாய். அந்தத் தாளில் முதல் கையெழுத்துப் போட்ட ஆள் நீ என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தோஷம்தான்.

மற்றபடி உன் கடிதத்தைப் படித்த நாள் முதல் வீட்டில் யாரிடமும் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. செல்லியம்மாள் உயிரைக் காப்பாற்றியவனுக்குத் தீபாவளி இல்லை, டீ குடித்துக்கொண்டிருந்தவனுக்கு வண்டி ஓடுகிறது. இது எனக்கு நியாயமாகப் படவில்லை. பிடிக்காத தீர்ப்பு வந்ததும் நாற்காலியை உடைக்கப் போகிறேன் என்று பயப்படாதே. தோற்றவன் உடைக்கக் கூடாது என்று உனக்கு எழுதிய கை இது. அந்த மூன்று பேரும் சொன்னது நிற்கட்டும், அவர்கள் மாற்றிச் சொல்கிற வரைக்கும்.

மாற்றிச் சொல்லலாம். உச்ச நீதிமன்றத்திலேயே, நீங்கள் இதைக் கவனிக்கவில்லை, மறுபடி பாருங்கள் என்று அதே நீதிபதிகளிடம் மனுப் போட வழி இருக்கிறது. பெரும்பாலும் தள்ளிவிடுவார்கள். ஆனாலும் கதவு இருக்கிறது.

நேற்று எழில்மதி வந்தாள். கையெல்லாம் கரும்புச் சோகை கிழித்த கோடு. மூட்டையைப் பற்றிக் கேட்டபோது அவன் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன். "தலைவர் வண்டிக்கு எதிரா ஒரு பேச்சு பேசினா இன்னொரு வருஷம் போடுவாங்கன்னு நெனைச்சிட்டாரு டீச்சர்" என்றாள். மூன்று பேரை உட்காரவைத்தாலும், நீ எதிரில் நின்றதால் அவன் கண்ணுக்கு நீதான் நீதிபதியாகத் தெரிந்திருக்கிறாய். அது ஒரே நாளில் போகிற பயம் இல்லை.

பிறகு அவள் சொன்னாள்: "மூட்டையை யாராச்சும் தூக்கி ஏத்தணும் டீச்சர். ஆளுங்கன்னா ஏறுங்கன்னு சொன்னா ஏறிடுவாங்க. அந்த நேரத்துல மூட்டை தூக்கிக்கினு இருந்தா செல்லியம்மா இருந்திருக்காது."

இதை அந்த மூன்று பேரும் கேட்கவில்லை, யாரும் அவர்களிடம் சொல்லவும் இல்லை. ஆகவே இது அவர்களிடம் போக வேண்டும். தமிழரசன் வந்து சொல்ல மாட்டான், கோபத்தில் இருக்கிறான். நான் சொன்னால் டீச்சர் சொன்னாள் என்று ஆகும். அவனிடம் முறையைப் பறிகொடுத்த நீ போய்ச் சொன்னால்தான் அது எடுபடும். உனக்கு இது கசக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த அமெரிக்க நீதிபதியைப் பார்த்து, அவர் பண்ணா பாடப் புத்தகமா என்று கேட்டாயே, நீயும் ஒன்றைத் தூக்கிப் போடுகிற நேரம் இப்போது வந்திருக்கிறது.

தகரம் மாட்ட வருகிறேன். உன் ஜீப்பில் இல்லை. தமிழரசன் வண்டி வரிசையில் நிற்கிற வரைக்கும் நான் உன் ஜீப்பில் ஏற மாட்டேன். பஸ்ஸில் வந்து இறங்கி, ஸ்டாண்டு வரைக்கும் நடந்து வருகிறேன். தங்கமணியிடம் உருண்டைக்கு வெல்லம் கொஞ்சம் குறைத்துப் போடச் சொல், எனக்குச் சர்க்கரை.

அதற்கு முன்னால் ஒரு காரியம் செய். இது கைக்குக் கிடைத்த மறுநாள் காலை அந்த மூன்று பேரையும் கொட்டகைக்குக் கூப்பிட்டு, கையில் கடிகாரத்தோடு பக்கத்தில் நிற்க வை. உன் ஜீப்பில் ஆறு மூட்டை மரவள்ளியை நீயே தூக்கி ஏற்று. பிறகு அவற்றை இறக்கிவிட்டு, ஆறு பேரை ஏறச் சொல்.

உன் அக்கா,
பவுலின்